ஆராய்ச்சியின் சுண்டுவிரல்

என் ஓரகத்திக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தது நான் இல்லை. சலவைக்கூடமே கூடி வைத்த பெயர் அது. வீட்டில் எனக்கு அவள் அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, வேலைக்குப் போகும் இடமும் ஒன்றேதான். அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அந்தப் பெயர் அவளுக்குக் கச்சிதம். பால் வாங்கினால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவாள். வாசலைப் பூட்டி இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். யாராவது கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டால் போதும், "இவனுக்கு என்ன வேணுமாம்?" என்று என் காதில் முணுமுணுப்பாள். கூடவே இருந்து இருந்து அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். வாசலை ஒட்டி அழுக்குத் துணி பிரிக்கும் இடம். அங்கே நிற்க யாருக்கும் மனசு வராது, வாடை அப்படி. அதைத் தாண்டி மெஷின்கள், உலர்த்தும் அறை, நீராவி பிரஸ்களின் வரிசை, கடைசியில் மடிப்பு மேசை. நான் மடிப்பு. அக்கா பிரஸ். பிரஸ்காரர்கள்தான் அங்கே பெரிய மனிதர்கள். ஒரு விரிப்பு சுருக்கமில்லாமல் வெளியே போவது அவர்கள் கையில் இருக்கிறது என்பதால், நடையிலேயே ஒரு மிடுக்கு இருக்கும். அக்காவுக்கு அது கொஞ்சம் கூடவே இருந்தது.

முதலுதவிப் பெட்டி அவள் பிரஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தது. ஒரு காலத்தில் அதற்குப் பூட்டு கிடையாது. பஞ்செல்லாம் காது குடையப் போயிற்று, பிளாஸ்திரி செருப்பு வாரை ஒட்டப் போயிற்று. ஒருநாள் நிஜமாகவே ஒருவருக்கு விரல் வெட்டுப்பட்டபோது பெட்டிக்குள் ஒரு காலி டப்பாவும் யாரோ வைத்த மிட்டாயும்தான் இருந்தன. மேனேஜர் அன்றே பூட்டுப் போட்டு, ஊரிலேயே யாரையும் நம்பாத பெண்ணைத் தேடி, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

முதலுதவி சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸம்மா வந்தார். மூக்கில் ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து உட்காரவேண்டும், மூக்கின் மெத்தென்ற பகுதியை விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும் என்றார். அக்கா எழுந்து நின்றாள்.

"எங்க வீட்ல எல்லாம் அண்ணாந்து பாருன்னுதான் சொல்லுவாங்க. நீங்க குனியச் சொல்றீங்க. எதை நம்புறது?"

"அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கும்மா. வெளியே வரலைன்னா நின்னுடுச்சுன்னு நினைச்சுப்பீங்க. உள்ள போய்க்கிட்டே இருக்கும்."

"வெளிய தெரியலைன்னா இல்லைன்னு நினைச்சுக்கறது." அக்கா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அன்று முதல் எங்களுக்கு அடிபட்டால் வைத்தியமும் விசாரணையும் சேர்ந்தே கிடைத்தன. மூக்கில் ரத்தம் என்று போனால், பிடித்த பிடி தளராமலே கேள்வி வரும். எங்கே இடித்தது, யார் தள்ளியது, நேற்று ஒழுங்காகத் தூங்கினாயா, பொய் சொல்லாதே. மூக்கடைத்த குரலில் பதில் சொல்லிச் சொல்லி ரத்தம் நின்றுவிடும். மயங்கி விழுந்தவளைப் படுக்க வைத்துக் காலைத் துணி மூட்டைமேல் தூக்கி வைத்துவிட்டு, அவள் கண் திறந்ததும், "காலையில சாப்பிட்டியா?" என்பாள். "சாப்பிட்டேங்கா" என்றால் நம்பமாட்டாள். "என்ன சாப்பிட்டே, எதுல போட்டுச் சாப்பிட்டே?" என்று குடைந்து, கடைசியில் உண்மையைக் கக்க வைத்துவிடுவாள்.

பிரஸ்காரர்களிடம் ஒரு முட்டாள்தனம் உண்டு. கை சுட்டுக்கொண்டால், பக்கத்திலேயே ஆறிப்போன கஞ்சித் தொட்டி இருக்கும், அதில் முக்கிவிடுவார்கள். துணிக்குப் போடுகிற கஞ்சி. தொட்டதும் சில்லென்று இருக்கும், அடுத்து காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை உரித்தால் தோலும் சேர்ந்து வரும். ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற உயரமான ஆள் ஒருநாள் அப்படிச் செய்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"கையைக் காட்டுங்க."

"அட, ஒண்ணுமில்லன்றேனே."

நகக்கண்ணில் வெள்ளையாகக் கஞ்சி இருந்ததை அவள் அதற்குள் பார்த்துவிட்டாள். காதைப் பிடிக்காத குறையாகக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். ஓடுகிற தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் ஒரு தடவை அலசி முடிக்கிற வரைக்கும் இங்கேயே நில்லுங்க. நகர்ந்தீங்க, மேனேஜர் கிட்ட நானே சொல்லிடுவேன்" என்றாள். அலசல் முடிய நல்ல நேரம் ஆகும். அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். பிறகு என்னிடம் வந்து அக்கா சொன்னது இது.

"கத்துறவங்க தண்ணிக்குத் தானா ஓடிடுவாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு நிக்கிறாங்க பாரு, அவங்களைத்தான் விடக்கூடாது. அந்த வார்த்தையை நான் நம்பவே மாட்டேன்."

இதை நான் மனசில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டது நல்லதாகவும் போயிற்று, வினையாகவும் போயிற்று.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்துத்தான் அக்காவிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. பிரஸ் சூடாகிவிட்டதா என்று பார்க்க எல்லோரும் கைவிரல் நுனியால் தட்டிப் பார்ப்போம். அவள் மட்டும் சுண்டுவிரலை நீட்டித் தொட ஆரம்பித்தாள். "மகாராணி தொட்டுப் பார்க்கிறாங்க" என்று ஒட்டடைக்குச்சி கேலி செய்தார். வீட்டிலும் அப்படித்தான். பாத்திரம், தண்ணீர், டம்ளர் எதுவானாலும் முதலில் சுண்டுவிரல் போகும், அதன் பிறகுதான் கை. மற்ற விரல்களில் ஒன்று மாற்றி ஒன்று கட்டு இருந்தது. இந்த வாரம் கட்டைவிரல், அடுத்த வாரம் ஆள்காட்டி விரல்.

"விரல்ல என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"கட்டுப் போட்டிருக்கே."

"பிரஸ்ல பட்டுச்சு. ஒண்ணுமில்லன்றேன்ல, போய் உன் வேலையைப் பாரு."

பிரஸ்ஸில் அத்தனை வருடம் நின்றவளுக்குத் திடீரென்று எப்படி வாரா வாரம் சுடும்? அதுவும் விரல் நுனியில், சின்னச் சின்னதாக? அடுத்து ஒன்றைப் பார்த்தேன். ஒரு துண்டுப் பஞ்சுக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவள், பெட்டியைத் திறந்து ஒரு கட்டுத்துணிச் சுருளை எடுத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். நான் விரிப்புக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவளுக்குத் தெரியாது.

வீட்டில் இன்னொன்று. பெரியவர், அதாவது அக்காவின் கணவர், ரெடிமேட் சட்டைக் கடையில் வேலை பார்க்கிறார். புதுச் சட்டையில் குத்தியிருக்கும் குண்டூசிகள் அவர் பையில் எப்போதும் கிடக்கும். வாயில்லாப் பூச்சி. ஈ எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனுஷர். அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அவர் பெண்டாட்டியே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அவர் கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும், இருவரும் தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். தினமும், விளக்கு வைக்கிற நேரத்தில், கொஞ்ச நேரம். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு என்ன ரகசியம் என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஒருநாள் துணி எடுக்க அந்தப் பக்கம் போனேன். ஒட்டுக்கேட்கப் போகவில்லை. போன பிறகு கேட்டேன், அது வேறு விஷயம்.

"இப்ப வலிக்குதா?" அது பெரியவர் குரல்.

"இல்ல."

"இப்ப?"

"இல்லங்க."

"இன்னும் அழுத்தவா?"

"அழுத்துங்க."

பிறகு அவர், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது மாதிரி, "இப்பக்கூடவா வலிக்கல உனக்கு?" என்றார்.

கையில் இருந்த துணியைக் கீழே போட்டது எனக்கே தெரியவில்லை. மறுநாள் அவர்கள் அறையைப் பெருக்கியபோது கட்டிலுக்கு அடியில் ஒரு குண்டூசி கிடந்தது. நுனியில் துருவா, வேறு ஏதாவதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இரண்டும் சேர்ந்து நாலாகிவிட்டது எனக்கு. இவர் குத்துகிறார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாள், வெளியே தெரியாமலிருக்கக் கட்டுத்துணி திருடுகிறாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்க அண்ணனா? உனக்கும் அண்ணிக்கும் ஒரே ஜுரம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பெரியவருக்குச் சாப்பாடு வைக்கும்போது தட்டை நங்கென்று வைத்தேன். குழம்பு கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்தேன். பாவம், அவர் ஒன்றும் புரியாமல் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதுவும் எனக்கு நடிப்பாகவே தெரிந்தது.

அக்காவிடம் இன்னொரு தடவை நேராகக் கேட்டேன். "மாமா உன்னை ஏதாவது பண்றாராக்கா?" என்றேன். ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது. "ஒண்ணுமில்லடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அக்காவின் சொந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். லாரி ஓட்டுகிறவர், கோபக்காரர், தங்கை என்றால் உயிர். "ஞாயித்துக்கிழமை கிளம்பி வாங்கண்ணே. போன்ல சொல்ற விஷயமில்ல" என்றேன். வீடு இரண்டாகும் என்று தெரியும். ஆனால் அவள் கை அப்படியே கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு வீடு இரண்டாவது மேல் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். அக்கா அவரைக் கண்டதும், "என்னண்ணே, சொல்லாம கொள்ளாம?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். நான் முன்னறையில் பெரியவருக்கு எதிரே போய் நின்றேன்.

"மாமா, உங்க பையில இருக்கறதை எடுத்து வெளிய வைங்க."

"எதும்மா?"

"எடுங்க சொல்றேன்."

அவர் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தார். உள்ளங்கையில் நாலைந்து குண்டூசி.

"இதை வெச்சு உள்ள அக்காவை என்ன பண்றீங்க தினமும்? நான் கேட்டேன். வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக் கேட்டு அழுத்துறீங்களே, அது என்ன மாமா?"

என் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். பெரியவர் முகம் வெளிறிப் போயிற்று. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அது குற்றவாளியின் பார்வை என்றே அப்போது நினைத்தேன். அண்ணன் மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கேக்குறாங்கல்ல?"

குரல் உயர்ந்ததைக் கேட்டு அக்கா வேகமாக வந்தாள். இடது கையில் டம்ளர்கள். வலது கையில், கொதித்து நுரை அடங்காத டீப் பாத்திரம். அதன் விளிம்பை நாலு விரலாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். "இங்க என்ன பஞ்சாயத்து?" என்று கேட்டுக்கொண்டே மேசைமேல் வைத்தாள். நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல்.

சூட்டுப் பாத்திரம் பிடிக்க எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிடிதுணிதான் உண்டு. அது என் தோளில் கிடந்தது.

நான் என் தோளைப் பார்த்தேன், பிறகு அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் செக்கச்செவேலென்று இருந்தன, நுனிகள் வெளுத்துக்கொண்டு வந்தன. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவளும் தன் கையைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குள் இருந்த பெட்டிக்காரி விழித்துக்கொண்டாள்.

"மோதிரத்தைக் கழட்டு முதல்ல. வீங்கிட்டா வராது. மெதுவா, தேய்க்காதே."

கழற்றினேன். அண்ணன் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுக்கப் போனார். "ஐஸ் வேணாம்ணே, குழாய்த் தண்ணி போதும்" என்றாள். என் வீட்டுக்காரர் பற்பசையோடு வந்து நின்றார். அவரைப் பார்த்த பார்வையிலேயே அவர் திரும்பிப் போய்விட்டார்.

"வலிக்கலையாக்கா?"

"ஒண்ணுமில்ல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இன்னும் ஒண்ணுமில்லையா? விரல் வெந்து போயிருக்கு, இன்னமும் ஒண்ணுமில்லன்னு சொல்லுவியா நீ? ஊர்ல எல்லாரையும் அந்த வார்த்தைக்குக் குடைஞ்சு எடுப்பியே" என்று கத்தினேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாத்தான்டி சொல்றேன். அங்க ஒண்ணுமே இல்ல. வலி இல்ல, சூடு இல்ல. இந்தத் தண்ணி மேல விழுதுன்னு கண்ணால பார்க்கறேன், அதனால தெரியுது. கண்ணை மூடினா கையே இல்ல. சுண்டுவிரல் மட்டும்தான் எனக்கு உண்மை சொல்லுது."

அவள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட ஒவ்வொரு தடவையும், எனக்குத் தெரிந்த எவரையும் விட நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, குழாய்ச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

"டாக்டர் கிட்டப் போக வேண்டியதுதானே?"

"போனா அவர் ஏதாவது ஒரு பேரு சொல்லுவாரு. அவர் சொல்லாத வரைக்கும் ஒண்ணுமில்லன்னு இருந்துக்கலாம்ல. அதோட பிரஸ்ஸை விட்டு எறக்கிடுவாங்க. வாசல்ல நின்னு அழுக்குத் துணி பிரிக்கச் சொல்லுவாங்க. என்னால முடியாதுடி."

பெரியவர் பின்னால் வந்து நின்றிருந்தார். கையில் இன்னமும் அந்த ஊசிகள்.

"யார் கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. தினமும் ஒவ்வொரு விரலா தொட்டுப் பார்ப்பேன். என்னிக்காவது ஒருநாள் ஆன்னு கத்திட மாட்டாளான்னுதான்." அண்ணன் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

நான் கையை எடுக்கப் பார்த்தேன். "இன்னும் அலசி முடியல" என்றாள் அக்கா. தண்ணீர் அதிகமாகக் குளிர்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாதல்லவா, அதனால் என் கையையும் அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டேன். அப்படியே இருவரும் நின்றோம். பிறகு கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவள் கேட்காத கேள்வி இல்லை. அவரே ஒருமுறை, "நீங்களும் டாக்டரா?" என்று கேட்டுவிட்டார்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். வருடக்கணக்கில் பிரஸ் கைப்பிடியை இழுத்து இழுத்து வந்தது. முன்னாடியே வந்திருக்கலாம் என்றார். சின்ன ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். "வாக்குக் கொடுத்திருந்தா எழுந்து வந்திருப்பேன்" என்று வெளியே வந்து அக்கா சொன்னாள்.

பிரஸ் போய்விட்டது. மேனேஜர் வாசலுக்கு அனுப்பவில்லை, துவைத்த விரிப்பை விளக்குக்கு எதிரே பிடித்துக் கறை பார்க்கும் வேலையைக் கொடுத்தார். மெஷின்காரர்கள் பாடுதான் இப்போது திண்டாட்டம். ஆனாலும் பிரஸ் வரிசைப் பக்கம் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை, போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவாள். பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "உன்னை நம்பிக் கொடுக்கலை. உன் சந்தேகத்தை நம்பிக் கொடுக்கறேன்" என்றாள். பெரியவருக்கு நான் இப்போது முதல் கரண்டிக் குழம்பை ஊற்றுகிறேன். அவர் இன்னும் கொஞ்சம் பயந்துகொண்டுதான் தட்டை நீட்டுகிறார்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் விளக்கு வைக்கிற நேரத்துச் சோதனை நடந்தது. கதவை மட்டும் சாத்துவதில்லை. அடுப்படியில் நின்றாலும் எனக்குக் காது அங்கேதான். இப்ப? இல்ல. இப்ப? இல்லங்க. நான் கிளறுவதை நிறுத்திக் காத்திருப்பேன், பிறகு மறுபடியும் கிளறுவேன். பல நாள் அப்படியே போயிற்று. ஆசைப்பட எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் அங்கே ஒரு சத்தம் கேட்டது. "ஐயோ, மெதுவாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பெரியவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டு உறைந்து போய் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கட்டைவிரல் நுனியில் கடுகளவு ரத்தம். அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம்.

"என்னக்கா ஆச்சு?"

"வலிக்குதுடி."

நான் நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.